வலது கையில் கறை, இடது காலில் வெட்டிவேர்

மார்ச் முதல் வாரம் அது. அலுவலகத்தில் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கை நீட்டியபோதுதான் பார்த்தேன். வலது முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே தொடங்கி முழங்கை வரை சிவப்புப் பட்டைகள். எண்ணெய் வழிந்த தடம் போலக் கோடு கோடாக இருந்தன. எரிச்சல் லேசாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து இரண்டு இடங்களில் சின்னக் கொப்புளம் வந்தது. அது அடங்கியதும் பட்டைகள் பழுப்பாக மாறி, கையில் யாரோ டிகாஷனை ஊற்றியது போல அப்படியே நின்றுவிட்டன.

இடது கையில் ஒன்றுமே இல்லை.

அதுதான் எனக்குப் புரியவில்லை. அந்த வாரம் நானே வீட்டில் கலந்த உடம்பு எண்ணெயைக் குளித்ததும் இரண்டு கைக்கும் ஒரே மாதிரிதான் தடவிக்கொண்டேன். 50 மில்லி தேங்காய் எண்ணெய், அதில் 40 சொட்டு எலுமிச்சை எசென்ஷியல் ஆயில் (செடியிலிருந்து பிரித்தெடுத்த செறிவான வாசனை எண்ணெய்), 10 சொட்டு இஞ்சிப்புல், அதாவது லெமன்கிராஸ் எண்ணெய். ஒவ்வாமை என்றால் இரண்டு கையிலும்தானே வர வேண்டும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் ஏதாவது பிழிஞ்சீங்களாம்மா?" என்று கேட்டார். எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். அடுத்த கேள்வி: "பஸ்ல எந்தப் பக்கம் உட்காருவீங்க?"

நான் தினமும் கடலூரில் ஏறிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவள். டிரைவர் பக்க வரிசையில் ஜன்னலோரம் எனக்குப் பிடித்த இடம், காற்று நன்றாக வரும். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் வடக்கே போகும்போது கிழக்கு வெயில் வலப்பக்கம் விழும். சாயங்காலம் அதே பக்கம் உட்கார்ந்து தெற்கே திரும்பினால் மேற்கு வெயிலும் வலப்பக்கம்தான். இரண்டு வேளையும் வலது கை ஜன்னல் கம்பியில், வெயிலில். இடது கை மடியில் பையின் மேல், நிழலில். கழுத்துக்கும் அதே எண்ணெயைத்தான் பூசியிருந்தேன், ஆனால் துப்பட்டா மூடியிருந்ததால் தப்பித்தது.

அவர் சொன்னதையும் அப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். எலுமிச்சை, பெர்கமாட், கிரேப்ஃப்ரூட் போன்ற பழங்களின் தோலில் ஃபியூரனோகூமரின் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. தோலில் பூசிவிட்டு வெயிலில் போனால், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டு அவை தோல் செல்களைச் சுட்டுவிடும். இது ஒவ்வாமை இல்லை. போதுமான அளவு எண்ணெயும் போதுமான வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரும். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். அதனால்தான் பலர் காரணத்தைக் கண்டுபிடிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பழுப்புக் கறை மறைய வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபியூரனோகூமரின் சுலபத்தில் ஆவியாகாது. அதனால் நீராவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயில் அது வராது. பழத்தோலை அழுத்திப் பிழிந்து எடுத்த எண்ணெயில் மட்டுமே வரும். என் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், 'கோல்ட் பிரஸ்டு', அதாவது சூடாக்காமல் பிழிந்தது என்று போட்டிருந்தது. உணவு எண்ணெயில் பார்த்துப் பார்த்து, அந்த வார்த்தை இருந்தாலே நல்லது என்று மனதில் பதிந்திருந்தது. தோலுக்குப் பூசும் எலுமிச்சை எண்ணெயில் அதற்கு நேர்மாறு. இனிப்பு ஆரஞ்சு எண்ணெயில் பிழிந்ததானாலும் இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அளவுக்கு வருவோம். நறுமணப் பொருள்களுக்குப் பாதுகாப்பு வரம்பு வகுக்கும் சர்வதேச அமைப்பு இஃப்ரா. பூசிக் கழுவாமல் விடும் பொருளில், வெயில் படும் தோலுக்கு, பிழிந்த லைம் எண்ணெய் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. லைம் என்பது நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை. பெரிய லெமனுக்கு 2 சதவீதம், பெர்கமாட்டுக்கு 0.4. நான் போட்டது 40 சொட்டு. ஏறக்குறைய 20 சொட்டுக்கு 1 மில்லி என்று வைத்தால் 2 மில்லி. 50 மில்லியில் 2 மில்லி என்றால் 4 சதவீதம். லைம் வரம்பைப்போல ஐந்தரை மடங்குக்கும் மேல்.

ஏன் 40 சொட்டு போட்டேன்? முதலில் 10 போட்டேன், தேங்காய் எண்ணெய் வாசனைதான் வந்தது. இன்னும் 10. கொஞ்ச நேரம் குனிந்து முகர்ந்துகொண்டே இருந்ததில் மூக்கு பழகிவிட்டது, போதவில்லை என்று தோன்றியது. இன்னும் 20. மூக்கை அளவுகோலாக வைத்ததுதான் நடந்த தவறு. வாசனைக்கு மூக்கு ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். தோல் அப்படிப் பழகுவதில்லை.

முதல் வேலையாக, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். வந்த அன்றே ஒரு சோதனை. இஞ்சிப்புல் எண்ணெய் என்னிடம் இரண்டு பாட்டில் இருந்தது, வேறு வேறு கடையில் வாங்கியது. ஒன்றில் 20 சொட்டு 0.54 கிராம். இன்னொன்றில் அதே 20 சொட்டு 0.71 கிராம். எண்ணெய் ஒன்றுதான், பாட்டில் மூக்கின் துளை வேறு. அன்றோடு சொட்டுக் கணக்கை விட்டேன். யாராவது 'அஞ்சு சொட்டு விடுங்க' என்று சொன்னால், எந்த பாட்டிலில், எத்தனை கிராம் அடிப்படை எண்ணெயில் என்று இப்போது கேட்டுவிடுகிறேன்.

என் வீட்டுக் கணக்கு இவ்வளவுதான்: முகத்துக்கு அரை சதவீதம், கை காலுக்கு ஒரு சதவீதம், அதற்கு மேல் இல்லை. 100 கிராம் களிம்புக்கு 1 கிராம். இஞ்சிப்புல்லில் சிட்ரால் என்ற வாசனைப் பொருள் அதிகம், அது தோலை உறுத்தக்கூடியது என்பதால் அதை ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் வைப்பேன். கிராம்பு எண்ணெயையும் பட்டை எண்ணெயையும் தோலுக்கான எதிலும் சேர்ப்பதே இல்லை. நேராக, எதிலும் கலக்காமல், எந்த எசென்ஷியல் ஆயிலையும் தோலில் வைப்பதில்லை.

சரி, களிம்புக்கு எப்படி வந்தேன் என்று சொல்கிறேன்.

அம்மா முப்பது வருஷமாக மீன் விற்கிறவர். விடிவதற்கு முன்பே முதுநகர் துறைமுகத்தில் நிற்க வேண்டும். ஐஸ் தண்ணீர், உப்புத் தண்ணீர், சிமென்ட் தரை, தேய்ந்த ரப்பர் செருப்பு. குதிகால் இரண்டும் வறண்ட வயல் மாதிரி பிளந்திருக்கும். பித்தவெடிப்பு என்று நாம் சொல்வதுதான். சில நாள் நடக்கும்போது ரத்தம் கசியும். மெழுகுவத்தியை நல்லெண்ணெயில் உருக்கி வெடிப்பில் வைத்துக்கொள்வார், அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்தது. அதில் தப்பு இல்லை. மெழுகு தோலிலிருந்து ஈரம் போகாமல் மூடும், மூடினால் தோல் இளகும், இளகினால் வெடிப்பு சேரும். ஆனால் மெழுகுவத்தி ஆறினதும் பொருக்கு பொருக்காக உதிர்ந்து பாயெல்லாம் ஆகும். அதே வேலையை உதிராமல், வாசனையோடு செய்ய முடியுமா என்று பார்க்க நினைத்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். அந்த நாட்களில் அம்மாவுக்கு அலைச்சல் பாதியாகக் குறையும், ராத்திரி உட்கார்ந்து காலைக் கவனிக்க நேரம் கிடைக்கும். அதற்குள் களிம்பைத் தயார் செய்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எந்த வாசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்டிவேர். கூட வேலை பார்க்கும் அக்காவுக்குத் தியாகவல்லி பக்கம் ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு நொச்சிக்காடு வரை போனேன். கடலூருக்குத் தெற்கே கடலோர மணலில் வெட்டிவேரைப் பயிராகவே போடுகிறார்கள். மேலே பார்த்தால் சாதாரணக் கோரைப் புல் மாதிரி ஆளுயரத்துக்கு நிற்கிறது. மேலே இருக்கிற புல்லில் நாம் தேடும் வாசனை இல்லை, எல்லாம் அடியில்தான். ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்ததும் தோண்டுகிறார்கள். களிமண்ணாக இருந்தால் வேர் அறுந்து பாதி உள்ளேயே போய்விடும். இங்கே மணல் என்பதால் உதறினாலே கொட்டிவிடுகிறது, வேர் தாடி போல முழுசாகக் கையில் வருகிறது. பிடுங்கின குழியில் குனிந்தால் முதல் மழை பெய்த மண் வாசனை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

வேரிலிருந்து எண்ணெய் வடிப்பது பொறுமைக்கான வேலை. வெட்டிவேர் எண்ணெயிலுள்ள பொருள்கள் கனமானவை, மெதுவாகத்தான் நீராவியோடு கிளம்பும். இஞ்சிப்புல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், வெட்டிவேருக்கு ஒரு பகலும் ராத்திரியும் கூட அடுப்பு எரிய வேண்டியிருக்கும். வந்த எண்ணெயின் கனமும் தண்ணீரின் கனமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இரண்டும் பிரியவும் அடம்பிடிக்கும். காய்ந்த வேரில் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் எண்ணெய் கிடைக்கும். அப்படியென்றால் என் கையிலிருக்கும் 10 மில்லி பாட்டிலுக்குள் ஒரு கிலோ வேராவது இருக்கிறது. இது தெரிந்த பிறகு, அளக்காமல் ஊற்ற எனக்குக் கை வரவில்லை.

கால் கிலோ வேரும் வாங்கி வந்தேன். வேரையே நல்லெண்ணெயில் ஊற வைத்தால் என்ன என்று ஒரு யோசனை. முதல் முறை வேரைக் கழுவிவிட்டு ஒரு நாள் நிழலில் காய வைத்துப் போட்டேன். பத்தாம் நாள் வேரின் மேல் வெள்ளைப் பூசணம். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. அடுத்த முறை மூன்று நாள் நல்ல வெயிலில், கையால் ஒடித்தால் டக்கென்று ஒடியும் வரை காய வைத்தேன். மூன்று வாரத்தில் மெல்லிய வாசனையோடு நல்ல எண்ணெய் கிடைத்தது. ஆனால் ஊற வைத்த எண்ணெயும் வடித்த எசென்ஷியல் ஆயிலும் ஒன்றல்ல. முன்னதில் எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் அளக்க வழியில்லை, அதனால் அதைச் சதவீதக் கணக்கிலும் சேர்க்க முடியாது. தலைக்குத் தேய்க்க வைத்துக்கொண்டோம்.

களிம்பின் முதல் ஈடு: தேன்மெழுகு 12 சதவீதம், மீதி நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும். காலையில் வழவழவென்று அழகாக இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்தால் நெய் மாதிரி ஓடுகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதின செய்முறை அது, கடலூர்ச் சித்திரை வெயிலைக் கணக்கில் வைக்காதது. இரண்டாவது ஈட்டில் கோபத்தில் 25 சதவீதம் மெழுகு போட்டேன். உருகவில்லை, ஆனால் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெடித்த தோலில் அதை இழுத்துத் தேய்த்தால் வலிக்கும், அம்மா ஒரே தரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்றாவது ஈட்டில் கோகம் பட்டர் சேர்த்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் விளையும் ஒரு புளிப்புப் பழத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு இது. உடம்புச் சூட்டைத் தாண்டித்தான் உருகும் என்பதால் நம் வெயிலுக்குத் தாங்கும், அதே சமயம் மெழுகு போலப் பிசுபிசுப்பாக ஒட்டாது. இன்றுவரை நான் மாற்றாத அளவு இதுதான். 100 கிராமுக்கு நல்லெண்ணெய் 50, தேங்காய் எண்ணெய் 20, தேன்மெழுகு 18.5, கோகம் பட்டர் 10, விட்டமின் ஈ எண்ணெய் 0.5, வெட்டிவேர் எண்ணெய் 1. எல்லாமே கிராம். மில்லியும் கிராமும் கலந்து அளக்க வேண்டாம்.

செய்யும் விதம் சமையல் தெரிந்தவர்களுக்குச் சுலபம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு எவர்சில்வர் பாத்திரம். அதில் முதலில் தேன்மெழுகு, ஏனென்றால் அது உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகினதும் கோகம், அப்புறம் எண்ணெய்கள். பாத்திரம், கரண்டி, டப்பா எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. நான் எல்லாவற்றையும் முந்தின நாளே கழுவி வெயிலில் காய வைத்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிடுகிறேன். பதம் பார்க்க, ஃப்ரிட்ஜில் வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டால் அரை நிமிடத்தில் உறைந்துவிடும், விரலால் எடுத்துப் பார்க்கலாம். பாகு பதம் பார்ப்பது போலத்தான். இளகலாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே மெழுகு கொஞ்சம் சேர்க்கலாம், ஊற்றின பிறகு சேர்க்க முடியாது.

எசென்ஷியல் ஆயில் கடைசியில். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, ஓரத்தில் மெல்லிய ஏடு கட்டத் தொடங்கும்போது. சூட்டில் விட்டால் வாசனை ஆவியாகிப் போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சிட்ரஸ் எண்ணெய்களின் ஆவி 50 டிகிரிக்குக் கீழேயே தீப்பிடிக்கக்கூடியது. வெட்டிவேருக்கு அது இன்னும் மேலே என்றாலும், எரிகிற கேஸ் அடுப்புப் பக்கத்தில் எந்த எசென்ஷியல் ஆயில் பாட்டிலையும் திறப்பதில்லை என்று வழக்கமாக்கிக்கொண்டேன்.

மூன்றாவது ஈட்டில் ஒரு சின்னக் குறை வந்தது. வெட்டிவேர் எண்ணெய் தேன் போலக் கெட்டியானது, நேராக ஊற்றினேன், டப்பாக்களில் ஒன்றில் வாசனை தூக்கலாகவும் ஒன்றில் இல்லாமலும் போய்விட்டது. இப்போது பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, 1 கிராமை அளந்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் முன்கூட்டியே கரைத்துவிட்டுச் சேர்க்கிறேன். அந்த ஒரு ஸ்பூன் 50 கிராமிலிருந்தே எடுத்து வைத்ததாக இருக்க வேண்டும்.

டப்பா விஷயத்தில் அலுமினியமோ கண்ணாடியோ நல்லது. கலக்காத எசென்ஷியல் ஆயிலை டிராப்பர் மூடி போட்ட பாட்டிலில் நாள்கணக்கில் வைத்திருந்தேன், மேலே இருக்கும் ரப்பர் குமிழ் ஊதிப்போய்ப் பிசினாகிவிட்டது. டிராப்பர் எடுப்பதற்கு மட்டும், மூடுவதற்குச் சாதாரண மூடி.

இனி அம்மாவின் கால். என் வலது கையும் இடது கையும் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழியிலேயே இதையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நாலாவது ஈட்டை இரண்டாகப் பிரித்தேன். பாதியில் வெட்டிவேர், பாதியில் வாசனையே இல்லை. டப்பாக்கள் மேல் 'இ', 'வ' என்று எழுதினேன். இடது காலுக்கு வெட்டிவேர், வலது காலுக்கு வெறும் களிம்பு. தடைக்காலத்தில் கால் ஓய்வெடுப்பதாலேயே வெடிப்பு ஆறிவிடலாம். ஆனால் ஓய்வு இரண்டு காலுக்கும் ஒன்றுதானே, ஒப்பிட அது தடையில்லை.

தொடங்கும் முன் முழங்கையின் உள்பக்கம் ஒரு பட்டாணி அளவு பூசி 48 மணி நேரம் பார்த்தோம், அம்மாவுக்கும் எனக்கும். சிவக்கவில்லை. அப்படியும் முதல் வாரம் இரண்டு காலிலும் வெறும் களிம்பைத்தான் போட்டேன். ரத்தம் கசியும் பிளவில் எசென்ஷியல் ஆயில் படக் கூடாது. எரியும் என்பதோடு, உடைந்த தோல் வழியாக உள்ளே போனால் பிற்பாடு நிரந்தர ஒவ்வாமையாக மாறவும் வாய்ப்பு அதிகம். அப்படி ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால், அதே பொருள் துளி பட்டாலும் ஆயுசுக்கும் திரும்ப வரும்.

ராத்திரி சாப்பிட்டதும் வெந்நீரில் பதினைந்து நிமிடம் காலை ஊற வைப்பது, துணியால் ஒற்றி எடுப்பது, ஈரம் முழுதும் போவதற்குள் களிம்பு, மேலே பழைய பருத்திச் சாக்ஸ். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு குதிகாலையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்தேன். முதல் ராத்திரி இடது காலுக்கு வெட்டிவேர் போட்டபோது அம்மா கேட்டார், "இன்னாடி இது, எங்க அம்மா வீட்டுத் தண்ணிப் பானை வாசனை அடிக்குது?" தாத்தா வீட்டில் கோடையில் பானைக்குள் வெட்டிவேர் முடிச்சு போட்டு வைப்பார்களாம். அதைப்பற்றியே அரை மணி நேரம் பேசினார்.

மூன்றாம் வாரம் ரத்தக் கசிவு நின்று பல நாள் ஆகியிருந்தது, விளிம்புகள் இளகிவிட்டன. ஆறாம் வாரம் வலது குதிகாலில் ஓர் ஆழமான கோடு மட்டும் மிச்சம், இடதிலும் அதே அளவில் ஒன்று. போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். கால் எது என்று தெரியாமல் அக்காவையும் பார்க்கச் சொன்னேன். வித்தியாசம் இல்லை. ஒருவர் கால், ஆறு வாரம், இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனால் என் கண் முன்னால் வெடிப்பை ஆற்றியது வெந்நீரும் மெழுகும் எண்ணெயும். வெட்டிவேர் அதில் ஒன்றும் கூட்டவில்லை.

அப்படியானால் வெட்டிவேரை விட்டுவிடலாமே என்று, சோதனை முடிந்ததும் வாசனை இல்லாத டப்பாவை மட்டும் அம்மாவிடம் கொடுத்தேன். ஜூன் 15க்கு அப்புறம் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கி, அம்மாவும் பழையபடி துறைமுகத்துக்குப் போனார். ஒன்பது நாள் கழித்து டப்பாவைத் திறந்தால் விரல் பட்ட தடமே இல்லை. களைத்து வந்து படுத்துவிடுகிறார். வெட்டிவேர் டப்பாவை வைத்தேன். அன்றைக்கே வெந்நீர் போடச் சொன்னார். நாளெல்லாம் மீன் வாடையில் இருந்துவிட்டு வருகிறவருக்கு அந்த வாசனை எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று நான் அதுவரை யோசிக்கவே இல்லை. இப்போது டப்பா மாதத்துக்கு ஒன்று காலியாகிறது.

இடையில் மற்ற சிலதும் முயன்றேன். பன்னீரில் லாவெண்டர் எண்ணெய் விட்டு முகத்துக்குத் தெளிக்கும் ஸ்பிரே செய்தேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும், எவ்வளவு குலுக்கினாலும் கடைசித் தெளிப்புகளில் ஒரேயடியாக வந்து முகத்தில் விழும். அதைக் கரைக்கத் தனிப் பொருள் வேண்டும். இன்னொன்று, தண்ணீர் சேர்ந்த எதற்கும் முறையான பிரிசர்வேட்டிவ் வேண்டும். எசென்ஷியல் ஆயிலே கிருமியைக் கொல்லும் என்பார்கள், தோல் தாங்கும் அளவில் அது அந்த வேலையைச் செய்யாது. விட்டமின் ஈயும் செய்யாது, அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தள்ளிப்போட மட்டும்தான். கற்றாழைச் சாறு சேர்த்து நான் செய்த லோஷன் பன்னிரண்டாம் நாள் கரும்புள்ளி விட்டது. அதற்கப்புறம் தண்ணீர் இல்லாதவற்றை மட்டுமே செய்கிறேன்.

வாங்கும்போது பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் ஒரு கடையில் 'மாம்பழ எசென்ஷியல் ஆயில்' என்று பாட்டில் வைத்திருந்தார்கள். மாம்பழத்திலிருந்து அப்படி ஓர் எண்ணெய் வடிப்பதில்லை, அது செயற்கை வாசனை. மல்லிகையைக்கூட நீராவியில் வடிக்க மாட்டார்கள், பூ சூடு தாங்காது. கரைப்பான் வைத்து எடுப்பதுதான் வழக்கம், அதன் விலையே வேறு. லேபிளில் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பாகம், எப்படி எடுத்தது, தேதி இவ்வளவும் இருந்தால்தான் வாங்குகிறேன். வெட்டிவேருக்கு 'கிரைசோபோகன் சிசானியாய்டிஸ்', வேர், நீராவி வடிப்பு என்று இருக்க வேண்டும். இஞ்சிப்புல் மாதிரி லேசான எண்ணெயை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் காய்ந்த பின் எண்ணெய்க் கறை நிற்கக் கூடாது, நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கும். வெட்டிவேருக்கும் சந்தனத்துக்கும் இந்தச் சோதனை செல்லாது, சுத்தமானதே கறை விடும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். காற்றும் சூடும் பட்டுப் பழசான எலுமிச்சை, லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்கள் புதியதைவிட அதிகம் ஒவ்வாமை உண்டாக்கும். என்னுடைய அந்த எலுமிச்சை பாட்டிலைத் தரை துடைக்கும் தண்ணீரில் விட்டுத் தீர்த்தேன், கையுறை போட்டுக்கொண்டு.

என் கூடப்பிறந்த அக்கா தன் எட்டு மாதக் குழந்தைக்குச் சளித் தைலம் கேட்டாள், தேங்காய் எண்ணெயில் கற்பூரமும் யூகலிப்டஸும் போட்டு. எங்கள் வீட்டில் தலைமுறையாகச் செய்வதுதான். நான் மறுத்துவிட்டேன். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், கைக்குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. யூகலிப்டஸும் மெந்தாலும் மூக்கருகில் வைத்தால் அவ்வளவு சின்னக் குழந்தைக்கு மூச்சே திணறலாம். "நமக்கெல்லாம் போட்டாங்களே" என்று அக்கா கோபித்துக்கொண்டாள். இரண்டு நாள் பேசவில்லை. பரவாயில்லை.

பக்கத்து வீட்டு அத்தைக்கும் வெடிப்பு. அவருக்குச் சர்க்கரை, பாதம் மரத்துப்போயிருக்கிறது. அவருக்குக் களிம்பு தரவில்லை, வெந்நீரில் காலை வைக்கக் கூடாது என்று சொல்லி, சர்க்கரை டாக்டரிடம் பாதத்தைக் காட்ட நானே கூட்டிப் போனேன். சூடு உறைக்காத காலில் வெந்நீரே புண்ணாக்கிவிடும்.

விலைக்குக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அழகுப் பொருள் செய்து விற்க உரிமம் வேண்டும், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளில் இருக்கிறது. என்னிடம் அது இல்லை. அதனால் தராசை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன், நம் வீட்டு அடுப்பில் அவரவர் டப்பாவை அவரவரே செய்துகொண்டு போகலாம்.

கையிலிருந்த கறை ஆகஸ்டில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது. ஜன்னலோரம் அதே பக்கம்தான் இன்னும் உட்காருகிறேன்.

களிம்பு இப்போது ஏழாவது ஈட்டில் இருக்கிறது. ஆறாவதில் அம்மாவிடம் சொல்லாமல் வெட்டிவேரை அரை கிராமாகக் குறைத்தேன், அந்த அரை கிராமை நல்லெண்ணெயில் கூட்டிக்கொண்டேன். அம்மா கண்டுபிடிக்கவில்லை, வெந்நீர் கேட்பதும் நிற்கவில்லை. ஏழாவதில் 0.3 வைத்திருக்கிறேன். டப்பாவின் அடியில் தேதியை மட்டும்தான் எழுதினேன், அளவு என் நோட்டில் இருக்கிறது. நாளை ராத்திரி திறப்பார்.